சரணாகதி என்றால் அடைக்கலம்

'தேடப்பட்டவர் நீதிமன்றத்தில் சரண்' என்று செய்தித்தாளில் அடிக்கடி படிக்கிறோம். படித்துப் படித்து, சரண் என்றாலே தோற்றுப்போய்க் கையைத் தூக்குவது என்ற எண்ணம் மனதில் பதிந்துவிட்டது. பக்தியில் வரும் சரணாகதியையும் அந்தக் கண்ணோடு பார்த்தால் பொருள் கெட்டுவிடும்.

சரணாகதி வடசொல். சரணம், ஆகதி என்ற இரண்டின் சேர்க்கை. சரணம் என்றால் காப்பு, புகலிடம். வீடு என்றும் பொருள் உண்டு. ஆகதி என்றால் வந்து சேர்தல். ஆக, காப்பான இடத்துக்கு வந்து சேர்வதுதான் சரணாகதி. 'சரணாகதி அடைந்தார்' என்று எழுதும்போது 'அடைதல்' இரண்டு தடவை வந்துவிடுகிறது.

இதில் ஒரு குழப்பமும் உண்டு. திருவடி என்று பொருள்படும் இன்னொரு சரணமும் வடமொழியில் இருக்கிறது. பல்லவி, அனுபல்லவிக்கு அப்புறம் வரும் சரணம் அதுதான். அங்கே இரண்டுக்கும் முதலெழுத்து வேறு: ஒன்று சங்கரனில் வருவது, மற்றது சந்திரனில் வருவது. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. 'சரணம் ஐயப்பா', 'புத்தம் சரணம்' இரண்டிலும் இருப்பது புகலிடச் சரணம்.

சரி, தமிழில் என்ன சொல்வது? அடைக்கலம். வீடணன் இராமனிடம் வந்து சேர்வதை வைணவர்கள் விபீஷண சரணாகதி என்பார்கள். கம்பராமாயணத்தில் அந்தப் பகுதிக்கு 'வீடணன் அடைக்கலப் படலம்' என்றே பெயர்.

எனக்கு அடைக்கலம்தான் மேலான சொல்லாகப் படுகிறது. சரணாகதி, வந்து சேர்பவரின் செயலைச் சொல்கிறது. அடைக்கலமோ ஏற்றுக்கொண்டவரின் பொறுப்பையும் சேர்த்துச் சொல்கிறது. காப்பாற்றித் தரச்சொல்லி ஒருவர் கையில் ஒப்படைத்த பொருளுக்கும் அடைக்கலம் என்றுதான் பெயர். சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில் கவுந்தியடிகள் கண்ணகியையும் கோவலனையும் இடைக்குலத்து மாதரியிடம் ஒப்படைக்கிறார். கோவலன் கொலையுண்ட பிறகு, அடைக்கலத்தை இழந்துவிட்டோமே என்று மாதரி நள்ளிரவில் தீயில் புகுந்து உயிர் விடுகிறாள். ஏற்றுக்கொண்டவருக்கு அந்தச் சொல் எவ்வளவு கனமானது என்று பாருங்கள். ஒரு மாதரிக்கே அப்படியென்றால் இறைவனுக்கு?

'புகல்' என்பதும் நல்ல சொல். 'புகு' என்ற வினையிலிருந்து வந்தது. 'புகல் ஒன்று இல்லா அடியேன் உன் அடிக்கீழ் அமர்ந்து புகுந்தேனே' என்று திருவேங்கடமுடையானிடம் நம்மாழ்வார் சொல்லும்போது பெயரும் வினையும் ஒரே அடியில் வந்துவிடுகின்றன. சேரும் இடத்தைச் சொல்லப் புகல். சேர்ந்தபின் இருக்கும் நிலையைச் சொல்ல அடைக்கலம். இரண்டையும் கலந்து 'அடைக்கலம் புகுந்தார்' என்று எழுதினால் காதுக்கும் இதமாக இருக்கிறது.

எல்லாவற்றையும் அவனிடம் விட்டுவிட்டால் நாம் சும்மா இருந்துவிடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. இதற்கு அப்பர் திருக்கடம்பூரில் பதில் பாடியிருக்கிறார். ஐந்தாம் திருமுறையில் இருக்கிறது:

'தன் கடன் அடியேனையும் தாங்குதல்
என் கடன் பணி செய்து கிடப்பதே'

கடன் என்றால் இங்கே கடமை. தாங்குவது அவன் பங்கு, பணி என் பங்கு. எனக்கு என்ன நடக்குமோ என்ற கவலையை அவனிடம் கொடுத்துவிட்டதால், கை இரண்டும் வேலைக்குக் கிடைத்துவிடுகின்றன. அப்பர் கையில் உழவாரப்படை இருந்தது. ஊர் ஊராகப் போய்க் கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்கினார்.

இந்த அடைக்கலத்தில் அடிமைத்தனமும் இல்லை. பல்லவ மன்னன் ஆள் அனுப்பி அழைத்தபோது, 'நாமார்க்கும் குடியல்லோம் நமனை அஞ்சோம்' என்று பாடியவரும் இதே அப்பர்தான்.