மிளகாய்த் தூள் போடும் முன் ஒரு கரண்டி

போன மாதம் பாம்பன் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். இடுப்பில் இரண்டு வயதுப் பையன், பையன் கையில் பிஸ்கட் பாக்கெட். (யாரென்று தெரியக்கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) உட்காரும் முன்பே, "ஒண்ணுமே திங்க மாட்டேங்குறான் டாக்டர், நல்லா பசி எடுக்கிற மாதிரி ஒரு டானிக் எழுதிக் குடுங்க" என்றார். குழந்தை மருத்துவராக இருப்பவர்கள் இதைக் கேட்காத நாளே கிடையாது. எடை போட்டுப் பார்த்தால் 9 கிலோ 600 கிராம், வயதுக்குக் குறைவு. கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன், வெளிறிக் கிடந்தது.

காலையிலிருந்து என்னென்ன உள்ளே போனது என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். எழுந்ததும் பாட்டிலில் பால். எட்டு மணிக்கு டீயில் நனைத்த பிஸ்கட். பத்து, பத்தரைக்கு மறுபடியும் பால். மதியம் போனைப் பார்த்துக்கொண்டே தயிர்ச்சோறு நாலு வாய், தூங்கி எழுந்ததும் பால், இருட்டியதும் பால். கூட்டினால் ஒரு லிட்டருக்குப் பக்கத்தில் வருகிறது. சரி, வீட்டில் என்ன சமையல் என்றேன். "நகரை மீன் குழம்பு டாக்டர். அவங்க அப்பா கொண்டாந்தது. காரமா இருக்கும்ல, முள்ளு வேற, அதான் இவனுக்குக் குடுக்கிறதில்ல."

அப்பா விடியற்காலையில் கரைக்குக் கொண்டுவந்த மீனை வீட்டில் எல்லோரும் சாப்பிடுகிறார்கள். யாருக்கு ரொம்பத் தேவையோ அவனுக்கு மட்டும் பிஸ்கட்.

இந்தப் பால் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு வயதைத் தாண்டிய பிள்ளைக்கு மாட்டுப்பால் ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் வேண்டாம். பாலில் இரும்புச்சத்து மிகவும் குறைவு, வயிற்றை மட்டும் நன்றாக நிரப்பிவிடும். வயிறு நிரம்பிய பிள்ளைக்குப் பசிக்காது, பசிக்காத பிள்ளை சோற்றைத் துப்பும், துப்பியதைப் பார்த்த அம்மா பாவம் என்று இன்னொரு பாட்டில் பால் கொடுப்பார். இதற்கு எந்த டானிக்கும் வேலை செய்யாது. டீ அதைவிட மோசம், சாப்பாட்டில் இருக்கும் கொஞ்சநஞ்ச இரும்புச்சத்தையும் உடம்பில் சேரவிடாது. 2019-21ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், இந்தியா முழுவதும் 6 மாதத்திலிருந்து 5 வயது வரையுள்ள பிள்ளைகளில் 67.1 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. மூன்றில் இரண்டு பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் வீட்டுப் பிள்ளை அந்த இரண்டில் ஒன்றா என்பது ஒரு சின்ன ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். இந்தப் பையனுக்கும் பார்த்தோம், இருந்தது. இரும்புச்சத்து மருந்து எழுதினேன், ஆனால் அதைவிட அதிக நேரம் பேசியது குழம்பைப் பற்றித்தான்.

நான் எல்லா அம்மாக்களிடமும் சொல்வது, பிள்ளைக்கென்று தனியாகச் சமைக்காதீர்கள். தனிச் சமையல் ஒரு வாரம் ஓடும், அப்புறம் உடம்புக்கு முடியாத ஒரு நாளில் பிஸ்கட்டுக்குப் போய்விடுவீர்கள். அது உங்கள் குற்றமில்லை, யாராலும் முடியாது. வீட்டுக் குழம்பிலேயே மிளகாய்த் தூள் போடும் முன் ஒரு கரண்டி எடுத்துத் தனியே வையுங்கள். அவ்வளவுதான்.

சொல்வது சுலபம், எங்கள் வீட்டிலேயே அதில் ஒரு சிக்கல் இருந்தது. எங்கள் ராமநாதபுரம் பக்கம் மல்லி, மிளகாய், சீரகம் எல்லாவற்றையும் வறுத்து மில்லில் ஒன்றாகத்தானே அரைத்து வைக்கிறோம்? அதிலும் நம் முண்டு மிளகாய் (2023ல் புவிசார் குறியீடே வாங்கிவிட்டது) சும்மா பெயருக்குக் காரம் காட்டுகிற ஜாதி இல்லை. தூளே ஒன்றாக இருந்தால் மிளகாய்க்கு முன்னால் எதை எடுப்பது? ஆகவே அடுத்த முறை மில்லுக்குப் போகும்போது மல்லியையும் சீரகத்தையும் முதலில் அரைத்துத் தனி டப்பாவில் வாங்குங்கள், மிளகாயை அப்புறம் அரைக்கட்டும். முதலில் மிளகாயை அரைத்துவிட்டால் அந்த மெஷினில் அடுத்து வரும் மல்லியும் காரமாகத்தான் வரும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது மில்லுக்காரர், மருத்துவக் கல்லூரி இல்லை.

எங்கள் அடுப்பில் நடப்பது இதுதான். சட்டியில் சின்ன வெங்காயம், தக்காளி வதக்கி, மஞ்சள், மல்லித் தூள், கொஞ்சம் தண்ணியாகக் கரைத்த புளி. கொதி வந்து பச்சை வாசம் போனதும் இரண்டு துண்டு மீன் மட்டும் உள்ளே போகும். ஐந்தாறு நிமிடத்தில் வெந்ததும் அந்த மீனையும் இரண்டு கரண்டி சாற்றையும் சின்னக் கிண்ணத்தில் எடுத்து, மேலே ஒரு கரண்டி தேங்காய்ப் பால் ஊற்றினால் பிள்ளையின் பங்கு முடிந்தது. மிச்சத்துக்கு மிளகாய்த் தூள், உப்பு, நன்றாகக் கொதிக்கவிட்டு மீதி மீன். ஒரு வயதுக்கு உட்பட்ட பிள்ளையென்றால் எடுத்த பங்கில் உப்பே சேர்க்காதீர்கள், அவர்களுக்குத் தனியாக உப்பு வேண்டாம். கீழக்கரைப் பக்கத்து வீடுகளில் தேங்காய்ப் பால் தாராளமாக ஊற்றி ஆணம் என்கிற குழம்பு வைக்கிறார்களே, அவர்களுக்கு இது இன்னும் சுலபம். பருப்பு, முருங்கைக்கீரை எதுவானாலும் இதே வழிதான், கீரை என்றால் இறக்கிய பிறகு நாலு சொட்டு எலுமிச்சை பிழிந்தால் இரும்புச்சத்து நன்றாகச் சேரும்.

முள்ளுக்குப் பயம் நியாயமான பயம். வெளிச்சத்தில் உட்கார்ந்து, தட்டில் மீனை உதிர்த்து, ஒவ்வொரு உதிரியையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் நசுக்கிப் பார்த்துவிட்டுச் சோற்றில் பிசையுங்கள். கண்ணுக்குத் தப்பும் முள் விரலுக்குத் தப்பாது. கிழங்கானில் நடு முள்ளை அப்படியே தூக்கி எடுத்துவிடலாம், பிள்ளைக்கு ஆரம்பிக்க நல்ல மீன். காரலில் பொடி முள் அதிகம், அதைப் பெரியவர்கள் சாப்பிடட்டும். நெத்திலியைத் தலை, குடல் எடுத்துக் குழைய வேகவைத்து மசித்தால் முள்ளே கரைந்து கால்சியமாகப் போகும். சுறாவில் முள் இல்லை என்பதற்காகச் சிலர் வாரம் தவறாமல் புட்டு செய்து கொடுக்கிறார்கள். பெரிய மீன், சின்ன மீன்களைத் தின்று வளர்கிற மீன், அதன் உடம்பில் பாதரசம் சேர்ந்துகொண்டே போகும், அதனால் சிறு பிள்ளைக்கு அதை வழக்கமாக்க வேண்டாம். விலை குறைந்த சாளை, நெத்திலிதான் இந்த விஷயத்தில் வஞ்சிரத்தைவிட உசத்தி.

எவ்வளவு சாப்பிட வேண்டும் என்று கேட்பீர்கள். ஒன்றிலிருந்து இரண்டு வயது வரை ஒரு வேளைக்கு 250 மில்லி கிண்ணத்தில் முக்கால் கிண்ணம், போகப்போக ஒரு கிண்ணம், அப்படி மூன்று நான்கு வேளை, நடுவில் ஓரிரு முறை பழமோ வேறு ஏதாவதோ. அப்பத்தாக்கள் மனதில் இருக்கும் அளவு இதைப்போல இரண்டு மடங்கு, பாதிச் சண்டை அங்கேதான் தொடங்குகிறது. என்ன கொடுப்பது, எப்போது கொடுப்பது என்பது உங்கள் பொறுப்பு. எவ்வளவு என்பதைப் பிள்ளையிடம் விட்டுவிடுங்கள். போனை அணைத்துவிட்டு, நீங்களும் அதே குழம்பைப் பிள்ளைக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். ஒரு மீனை முதல் நாள் துப்பினால் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டாதீர்கள், பத்துப் பதினைந்து தடவை தட்டில் பார்த்த பிறகுதான் சில பிள்ளைகள் வாயைத் திறக்கும்.

இனி வெளியே போகிற கதை. வீட்டில் ஒழுங்காகச் சாப்பிடுகிற பிள்ளையும் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பயணத்தில் கெட்டு, திங்கட்கிழமை வாந்தி, பேதி என்று என்னிடம் வந்து நிற்கும். மற்றவர்களை ஏன் சொல்ல வேண்டும், என் மகளுக்கு மூன்று வயதாக இருந்தபோது மே மாதத்தில் தனுஷ்கோடி போனோம். கிளம்பவே மணி பத்தாகிவிட்டது. அரிச்சல்முனையில் இறங்கும்போது உச்சி வெயில், ஒதுங்க ஒரு மர நிழல் கிடையாது, மணலில் கால் வைத்ததும் அவள் வீறிட்டு அழுதாள். காலையில் ஆறு மணிக்குக் கட்டிய தயிர்ச்சோற்றை ஒன்றரைக்குத் திறந்தால் புளித்து நுரை கட்டியிருந்தது. அழுகையை நிறுத்த வழியில் ஒரு கடையில் சிப்ஸும் அட்டைப் பெட்டி ஜூஸும் வாங்கிக் கொடுத்தேன். ஆமாம், நான்தான், ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிற ஆள். பாம்பன் பாலம் ஏறும்போது காரின் பின்சீட் முழுக்க வாந்தி.

அதற்கப்புறம் எங்கள் வீட்டு ஏற்பாடே மாறிவிட்டது. விடியலில் கிளம்பி, வெயில் ஏறும் முன் பதினொரு மணிக்கு வீட்டில் இருப்போம், இல்லையென்றால் நாலு மணிக்கு மேல்தான் கிளம்புவோம். கூடவே வருவது நல்லெண்ணெய் தடவிய இட்லி, ஓடு உரிக்காத அவித்த முட்டை, வாழைப்பழம், வெள்ளரிப்பிஞ்சு. கெட்டுப்போகாமல் இருக்க இரண்டு மணி நேரக் கணக்கு ஒன்று உண்டு, கடும் வெயிலில் அது ஒரு மணி நேரம்தான், மீன், தயிர், தேங்காய்ச் சட்னி எதுவும் வெயிலில் அதற்கு மேல் தாங்காது. சாளை, சூரை, காணாங்கெளுத்தி மாதிரி மீன்கள் ஐஸ் இல்லாமல் கிடந்தால் அதில் ஹிஸ்டமின் என்கிற பொருள் உருவாகும், அப்புறம் எவ்வளவு பொரித்தாலும் அது போகாது. தின்ற அரை மணி நேரத்தில் முகம் சிவந்து, தடித்து, வாந்தி வரும். வீட்டில் அது வரைக்கும் கொடுத்தே பார்க்காத நண்டையும் இறாலையும் கடற்கரைக் கடையில் முதன்முதலாகக் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஒவ்வாமை இருந்தால் அங்கே என்ன செய்வீர்கள்? புது உணவு எதுவானாலும் முதல் தடவை வீட்டில், பகலில், கொஞ்சமாக. முழு வேர்க்கடலை, சுண்டல், முழுத் திராட்சை ஐந்து வயது வரை மசித்தோ நறுக்கியோதான். நுங்கு வழுக்கிக்கொண்டு தொண்டைக்குள் போய்விடும், தோலை உரித்து விரலால் பிய்த்துக் கொடுங்கள்.

வாந்தி, பேதிக்குக் கொடுக்கிற ஓ.ஆர்.எஸ். உப்பு-சர்க்கரைப் பொட்டலம் (ஒரு லிட்டருக்கானது) ஒன்று பையில் இருக்கட்டும், அதோடு ஒரு லிட்டர் பாட்டிலும் இருக்க வேண்டும். முழுப் பொட்டலத்தையும் ஒரு டம்ளர் தண்ணீரில் கலக்கிக் கொடுத்து, பிள்ளைக்கு உப்பு ஏறிப்போய் வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பொட்டலம் முழுவதும் ஒரு லிட்டரில், அதுதான் கணக்கு. கடையில் அட்டைப் பெட்டியில் பழச்சுவையோடு அதே பெயரைப் போட்டு விற்றார்களே, அது வேறு. சரியான கலவையில் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான். அதைவிடப் பல மடங்கு சர்க்கரை போட்ட பானம் பேதியை அதிகமாக்கும். அந்தக் கலவை இல்லாத பானங்களில் அந்தப் பெயரே போடக்கூடாது என்று 2025 அக்டோபரில் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்லிவிட்டது, பழைய சரக்கு கடையில் கிடந்தால் ஏமாறாதீர்கள்.

எந்தக் கடலுக்குப் போவது என்பதையும் மாதம் பார்த்து முடிவு செய்யுங்கள். பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண் கடல் என்றும் மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண் கடல் என்றும் சும்மா சொல்லவில்லை. கச்சான் காற்று வீசும் ஜூன், ஜூலை, ஆகஸ்டில் ஆண் கடலோரத்துச் சேதுக்கரை, குந்துகால் பக்கம் அலை சீறும், அப்போது பெண் கடலோரத்து அரியமான் கடற்கரை அலையில்லாமல் குளம் மாதிரி கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக் காற்று வந்தால் பெண் கடலும் பெண் கடலாக இருக்காது. அரிச்சல்முனையில் எந்த மாதமும் பிள்ளையைத் தண்ணீரில் இறக்காதீர்கள், இரண்டு கடலின் நீரோட்டமும் சேருகிற இடம் அது. மற்ற இடங்களில் முழங்கால் ஆழத் தண்ணீராக இருந்தாலும் ஒரு பெரியவர் கை நீட்டினால் எட்டும் தூரத்தில், போன் இல்லாமல், நிற்க வேண்டும். பாம்பனில் ரயில் போவதைப் பார்க்கச் சாலைப் பாலத்தில் வண்டியை நிறுத்திப் பிள்ளையைக் கைப்பிடிச் சுவர்மேல் தூக்கி உட்கார வைக்கிறார்கள், பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்கும். கீழே கரையில் நின்றாலே புதுப் பாலத்தின் தூக்கு நன்றாகத் தெரியும். கடலே வேண்டாம் என்றால் தை மாதம் வரை சக்கரக்கோட்டைக் கண்மாயில் பறவைகள் இருக்கும், ராமநாதபுரத்துக்காரர்களுக்கு மாலையில் ஒரு மணி நேரம் போதும், செலவும் கிடையாது.

எங்கள் மகளோடு அடுத்த தடவை போனது அரியமானுக்கு. காலை ஏழு மணி, சவுக்குத் தோப்பு நிழலில் பாயை விரித்தோம். வீட்டில் ஒரு இட்லிக்கு முக்கால் மணி நேரம் எடுத்துக்கொள்கிறவள், கால் நனைத்துவிட்டு ஓடி வந்து இரண்டு இட்லியை முடித்து, மூன்றாவதையும் கேட்டாள். எடுத்துக் கொடுக்கும்போது கை தவறி மணலில் விழுந்தது. நான் குனிவதற்குள் எடுத்து, இரண்டு தட்டுத் தட்டி, வாயில் போட்டுக்கொண்டாள்.