எண்ணெயிலிருந்து எடுத்ததும் வேலை முடிவதில்லை

ராணிப்பேட்டை சிப்காட், காட்பாடி பக்கத்துப் பட்டறைகளிலிருந்து எங்களிடம் ஹீட் ட்ரீட்மென்ட்டுக்கு (சூடேற்றி ஆற்றிப் பதம் போடும் வேலைக்கு) வரும் ஷாஃப்டுகளோடு பெரும்பாலும் ஒரே வரிதான் வருகிறது: “இ.என்.24, நல்லா ஹார்டா வேணும், அவசரம்.” இ.என்.24 என்பது நிக்கல், குரோமியம் போன்றவை கலந்த அலாய் ஸ்டீல் வகை. எவ்வளவு ஹார்டு, அதன் மேல் என்ன லோடு வரும் என்று எதுவும் இருக்காது. இந்த ‘நல்லா ஹார்டா’தான் எனக்குக் கவலை.

தோல் பதனிடும் டேனரி டிரம்மை ஓட்டும் பினியன் (சிறிய பல்சக்கரம்) ஷாஃப்ட் ஒன்று உடைந்து வந்தது. உடைந்த முகத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால், கீவே (சாவி பொருத்த ஷாஃப்டில் வெட்டும் பள்ளம்) மூலையிலிருந்து உள்நோக்கி விரல் நகம் அளவுக்குக் கறுப்பு. மீதியெல்லாம் பளிச்சென்ற சாம்பல் நிறம். டெம்பரிங் (ஹார்டாக்கிய பீஸை மறுபடி மிதமாகச் சூடேற்றுவது) ஃபர்னஸுக்குள் போகும்போதே அந்த விரிசல் இருந்திருக்கிறது; சூட்டில் அதன் முகம் கறுத்திருக்கிறது. அதாவது மெஷினில் ஏறும் முன்பே ஷாஃப்ட் உடையத் தொடங்கிவிட்டது. உரிமையாளரோ ஸ்டீல் விற்றவர்மேல் கோபமாக இருந்தார். ஸ்டீலில் ஒரு குறையும் இல்லை.

நடப்பது இதுதான். இ.என்.24-ஐ 820 முதல் 850 டிகிரி வரை சூடேற்றும்போது இரும்பின் அணு அடுக்கு ஆஸ்டெனைட்டாக மாறி, கார்பனைத் தன்னுள் கரைத்துக்கொள்கிறது. மெதுவாக ஆறவிட்டால் கார்பன் பிரிந்து, மென்மையான அமைப்பு வரும். ஆயிலில் போட்டு வேகமாக ஆற்றினால் (இதுதான் குவென்ச்) கார்பனுக்கு வெளியேற நேரமில்லை. சிக்கிக்கொண்டு அடுக்கையே இழுத்து நீட்டிவிடுகிறது. அதுதான் மார்டென்சைட். நிக்கல், குரோமியம், மாலிப்டினம் மூன்றும் அந்த மென்மையான மாற்றத்தைத் தாமதப்படுத்துவதால், தண்ணீரின் முரட்டு வேகம் இல்லாமல் ஆயிலிலேயே தடித்த ஷாஃப்டும் ஆழம்வரை ஹார்டாகிறது. அலாய் ஸ்டீலுக்குக் கூடுதல் விலை கொடுப்பது பெரும்பாலும் இதற்காகத்தான்.

மார்டென்சைட் ஆகும்போது உலோகம் சற்று விரிகிறது. மேற்பரப்பு முதலில் மாறி இறுகிவிடும். உட்பகுதி பிறகு மாறி விரிந்து மேற்பரப்பை இழுக்கும். அந்த இழுவை எல்லாம் கூர்மையான கீவே மூலையில் வந்து குவியும். ஆயிலிலிருந்து எடுத்த பீஸில் 55 ஹெச்.ஆர்.சி. (ராக்வெல் ஹார்ட்னெஸ் அளவு) வரும், ஆனால் அப்போது அது கண்ணாடி மாதிரி. கையில் சூடு தெரிகிற நிலையிலேயே, சுமார் 50-70 டிகிரியில், டெம்பரிங்குக்குள் போய்விட வேண்டும். சாயங்காலம் குவென்ச் செய்துவிட்டு, “காலையில் டெம்பர் போட்டுக்கலாம்” என்று தரையில் வைத்துப் போகும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. தயவுசெய்து அதை நிறுத்துங்கள். கரண்ட் நிற்கும் என்று தெரிந்தால் அன்றைக்குக் குவென்ச்சே போட வேண்டாம்.

அப்புறம், எத்தனை டிகிரியில் டெம்பர் செய்வது? அரிவாள் அடிக்கும் கொல்லர் நிறம் பார்த்துப் பதம் போடுவார். நீலம் ஏறினால் ஏறக்குறைய 300 டிகிரி. அவர் கண்ணுக்கு நான் பெரிய மரியாதை வைத்திருக்கிறேன். ஆனால் இ.என்.24 ஷாஃப்டை அதே 300-ல் நிறுத்தினால் ஹார்ட்னெஸ் அழகாக இருக்கும், அடி தாங்கும் திறன் விழுந்துவிடும். 230 முதல் 370 வரை இந்த ஸ்டீலுக்கு ஆபத்தான எல்லை. 600 டிகிரி வாக்கில் டெம்பர் செய்தால் ஹார்ட்னெஸ் 30-35 ஹெச்.ஆர்.சி.க்கு இறங்கும். வாடிக்கையாளர்கள் இதைப் பார்த்து ஏமாற்றிவிட்டதாக நினைக்கிறார்கள். ஷாஃப்டுக்கு வேண்டியது அந்த எண்தான். சிக்கிய கார்பன் நுண்ணிய கார்பைடாகப் பிரிந்து, வலிமையோடு வளைந்து கொடுக்கும் தன்மையும் வந்திருக்கும்.

நம்ம ஊர் வெயிலையும் சொல்ல வேண்டும். மே மாதத்தில் வேலூரில் 40 டிகிரியைத் தாண்டுகிறது; தொட்டித் தண்ணீரே சூடாகத்தான் வரும். இ.என்.8 போன்ற கார்பன் ஸ்டீலைச் சூடான தண்ணீரில் போட்டால், பீஸைச் சுற்றி நீராவிப் படலம் நின்று அங்கங்கே மெத்தென்று இருந்துவிடும். குவென்ச்சிங் ஆயிலும் லோடுக்கு லோடு சூடேறிக்கொண்டே போகும். சுழற்சியும் கூலரும் இல்லாத டேங்கில் மதியத்துக்கு மேல் தெர்மாமீட்டர் இல்லாமல் வேலை செய்யக் கூடாது; தீப்பிடிக்கும் அபாயமும் அங்கேதான்.

அடுத்த முறை வேலை கொடுக்கும்போது கிரேடு, தேவையான ஹெச்.ஆர்.சி. எல்லை, ஷாஃப்டின் விட்டம் மூன்றையும் எழுதிக் கொடுங்கள். கீவே வெட்டும்போது அடி மூலைக்குச் சிறிய ரேடியஸ் (வளைவு) வையுங்கள். கூர்மையான மூலையோடு வரும் பீஸை நாங்கள் திருப்பி அனுப்பினால் கோபித்துக்கொள்ள வேண்டாம்.