ஸ்கேன் எடுத்த பிறகும் ஏன் கடிகாரம் வரையச் சொல்கிறார்கள்?

மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கத்தில் மூளைக்கு வைத்தியம் என்றால் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது திருவனந்தபுரம்தான். அங்கே எம்.ஆர்.ஐ. எடுத்தவரை இன்னொரு அறைக்கு அனுப்பி, ஒரு தாளையும் பென்சிலையும் கொடுத்து, "கடிகாரம் ஒன்று வரைங்க, மணி பதினொன்று பத்து காட்டணும்" என்பார்கள். கூட வந்தவருக்கு எரிச்சல் வரும். இவ்வளவு செலவழித்துப் படம் எடுத்தாச்சு, அப்புறம் எதற்கு இந்தச் சின்னப்பிள்ளை விளையாட்டு?

படத்தில் என்ன தெரியும், என்ன தெரியாது என்று பார்த்தால் காரணம் விளங்கும்.

சி.டி. ஸ்கேன் என்பது எக்ஸ் கதிரைப் பல கோணங்களில் செலுத்தி, கணினி கணக்குப் போட்டுத் தரும் குறுக்குவெட்டுப் படம். 1971ல் லண்டனில் முதல் நோயாளிக்கு எடுத்தார்கள். சில நிமிட வேலைதான். புதிதாகக் கசிந்த ரத்தம் இதில் வெள்ளையாகத் தெரியும். பக்கவாதத்தோடு வருபவருக்கு முதலில் சி.டி. எடுப்பது அதனால்தான், உள்ளே ரத்தக்கசிவு இருக்கும்போது அடைப்பைக் கரைக்கும் மருந்தைக் கொடுத்தால் ஆபத்து. ஆனால் அடைப்பினால் வந்த பாதிப்பு முதல் சில மணி நேரம் சி.டி.யில் தெரியாமலே போகலாம்.

எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ் கதிரே கிடையாது. நம் உடம்பின் தண்ணீரிலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள்தான் அதற்கு மூலப்பொருள். காந்தத்தின் பலம் பெரும்பாலும் 1.5 அல்லது 3 டெஸ்லா, 1.5 டெஸ்லா என்பதே பூமியின் காந்தப்புலத்தைப் போல 30 ஆயிரம் மடங்குக்கும் மேல். அந்தப் புலத்தில் இருக்கும் அணுக்கருக்களை ரேடியோ அலையால் கொஞ்சம் சாய்த்துவிடுவார்கள். அவை நிலைக்குத் திரும்பும்போது மெல்லிய சிக்னல் வரும். தசை, கொழுப்பு, நீர் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில் திரும்புவதால் படத்தில் கறுப்பும் சாம்பலும் வெள்ளையும் பிரிகின்றன. சிக்னல் எந்த இடத்திலிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க, புலத்தின் பலத்தை இடத்துக்கு இடம் மாற்றும் கம்பிச்சுருள்களைப் படபடவென்று இயக்குவார்கள். அந்தச் சுருள்கள் அதிர்வதுதான் உள்ளே படுத்திருப்பவரைப் பயமுறுத்தும் சத்தம்.

ரத்தத்தில் ஆக்சிஜன் மாறுவதை வைத்து, மூளையில் எந்த இடம் வேலை செய்கிறது என்று பார்க்கும் எஃப்.எம்.ஆர்.ஐ.க்கு 1990ல் ஜப்பானைச் சேர்ந்த செய்ஜி ஒகாவா வழி காட்டினார். ஆனால் ரத்தம் மெதுவாகத்தான் வந்து சேரும், சில விநாடி தாமதமாகும். தலையில் மின்முனைகளை ஒட்டி மூளையின் மின்னோட்டத்தைப் பதியும் ஈ.ஈ.ஜி. மில்லி விநாடியைக்கூடப் பிடித்துவிடும். இடத்தைத் துல்லியமாகச் சொல்வதில்தான் அது தடுமாறும்.

சரி, கடிகாரத்துக்கு வருவோம். வட்டத்துக்குள் பன்னிரண்டு எண்களை இடம் பார்த்து வைக்கவேண்டும், சொன்ன நேரத்தை மனதில் வைத்திருக்கவேண்டும், "பத்து" என்பதை இரண்டாம் எண்ணாக மாற்றிக்கொள்ளவேண்டும். மூளையின் வலது பின்பக்கம் பாதிக்கப்பட்ட சிலர் எல்லா எண்களையும் வட்டத்தின் வலது பாதியிலேயே நெருக்கி எழுதிவிட்டு, இடது பாதியைக் காலியாக விடுவார்கள். கண்ணில் குறையே இருக்காது. இடப்பக்கம் என்று ஒன்று இருப்பது அவர்கள் கவனத்துக்கு வருவதில்லை. இன்னும் சிலர் பெரிய முள்ளை நேராகப் பத்தாம் எண்ணுக்கே கொண்டுபோவார்கள். காதில் விழுந்த "பத்து" கையை இழுத்துவிடுகிறது. அந்த இழுப்பைத் தடுக்கவேண்டிய முன்மூளை தளர்ந்திருக்கலாம் என்பதற்கு அது ஒரு தடயம். படத்தில் மூளை சுருங்கியிருந்தும் கடைக்கணக்கைப் பிசகாமல் பார்ப்பவர்கள் உண்டு. படம் சுத்தமாக இருந்தும் வீட்டுக்கு வழி தெரியாமல் நிற்பவர்களும் உண்டு.

வலிப்புக்கான அறுவை சிகிச்சையில் இந்தத் தேர்வுகளுக்கு இன்னும் மதிப்பு. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா மருத்துவ நிறுவனத்தில் 1995லிருந்து இந்தச் சிகிச்சை நடக்கிறது. நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் தழும்பேறியிருப்பதை எம்.ஆர்.ஐ. காட்டிவிடும். அதை எடுத்தால் என்ன இழப்பு? சொற்பட்டியல் ஒன்றைப் படித்துக் காட்டி, அரைமணி கழித்துத் திரும்பக் கேட்பார்கள். சொற்களை நினைவில் வைப்பது பெரும்பாலும் மூளையின் இடப்பக்கத்து வேலை. இதில் ஒரு முரண் உண்டு: இடப்பக்கம் அறுவை செய்யப்போகிறவர் இந்தச் சோதனையில் நன்றாகச் செய்தால்தான் மருத்துவர் அதிகம் யோசிப்பார். அந்தப் பகுதி இன்னும் வேலை செய்கிறது, வெட்டினால் இழப்பு பெரிது என்று அர்த்தம்.

காந்தத்துக்கு மொழி கிடையாது, கேள்வித்தாளுக்கு உண்டு. நம் எல்லைப்பகுதியில்தான் சிக்கலே. 1956 நவம்பர் 1 வரை விளவங்கோடு, கல்குளம் எல்லாம் திருவிதாங்கூர்-கொச்சிதான். அப்போது பள்ளிக்குப் போன பலர் வீட்டில் தமிழ் பேசினாலும் எழுத்தும் வாய்ப்பாடும் மலையாளத்தில் கற்றவர்கள். நூறிலிருந்து ஏழேழாகக் கழித்து 93, 86 என்று சொல்லச் சொன்னால், பள்ளியில் படித்த மொழியில்தான் அது ஓடும். எந்த மாதம் என்று கேட்டால் "ஆவணி" என்பார். மலையாள நாட்காட்டியில் அது சிங்ஙம். கேட்பவருக்கு அது தெரியாவிட்டால் ஒரு மதிப்பெண் போச்சு. 2000ல் வெளியான ஆடன்புரூக்ஸ் அறிவாற்றல் தேர்வின் முதல் கட்டுரையாளரான பி.எஸ். மதுரநாத், பிறகு ஸ்ரீ சித்ராவில் இருந்தபோது அதை மலையாளத்துக்கு ஏற்ப மாற்றினார். வெறும் மொழிபெயர்ப்பு இதற்கு உதவாது. படிப்பறிவு, ஊர் வழக்கம் எல்லாவற்றையும் சரிக்கட்டவேண்டும்.

அதனால் வீட்டுப் பெரியவரை இந்தத் தேர்வுக்குக் கூட்டிப்போகும்போது, எத்தனாம் வகுப்பு வரை எந்த மொழியில் படித்தார், பணம் எண்ணுவது எந்த மொழியில் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கண்ணாடி, காது மெஷின் இருந்தால் எடுத்துப்போங்கள். கேள்வி கேட்கும்போது பக்கத்திலிருந்து பதில் எடுத்துக்கொடுக்க மட்டும் கூடாது.