ரிலே: வழியில் குதிரை மாற்றும் சொல்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் எந்த வயர்மேன் கடையில் கேட்டாலும் ‘ரிலே’ என்றால் இரண்டு விரல் அகலக் கருப்புப் பெட்டி ஒன்றை எடுத்து வைப்பார்கள். அடியில் நான்கு கால். ‘இதைப் போட்டா லைட்டுக்குப் பவர் கூடும்’ என்று நம்பித்தான் பலரும் பழைய பிக்கப்பில் பூட்டுகிறார்கள். ரிலே ஒரு வாட்டைக்கூடப் புதிதாக உண்டாக்குவதில்லை. அது செய்யும் வேலை என்ன என்பதை அந்தச் சொல்லின் பிறப்பே சொல்லிவிடும்.

ரிலே பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல். விட்டுவைத்தல் என்ற வினையிலிருந்து வந்தது. வேட்டைக்குப் போகிறவர்கள் வழிநெடுக ஆங்காங்கே புது நாய்களை விட்டுவைப்பார்கள். ஓடிக் களைத்தவை நிற்க, புதியவை தொடரும். பிறகு அது சத்திரத்தில் மாற்றும் குதிரைக்கு வந்தது. தந்திக் கம்பியில் நெடுந்தொலைவு ஓடிய மின்சாரம் நலிந்துவிடும். கடைசியில் எஞ்சிய அந்தச் சிறு மின்சாரம் ஒரு காந்தத்தை மட்டும் இழுத்தால் போதும், அங்கேயே காத்திருக்கும் வேறொரு மின்கலம் அடுத்த கம்பிக்குப் புது ஓட்டம் தரும். அமெரிக்க இயற்பியலாளர் ஜோசப் ஹென்றி 1835-ஆம் ஆண்டு வாக்கில் செய்து காட்டியது இதைத்தான். அந்தக் கருவிக்கும் குதிரையின் பெயரே ஒட்டிக்கொண்டது.

இதே பொருளுள்ள சொல் நம்மிடம் உண்டு: அஞ்சல். திருவிதாங்கூர் அரசின் தபாலுக்கு அஞ்சல் என்றே பெயர். 1951-இல் இந்தியத் தபாலோடு இணையும்வரை அது தனியாக நடந்தது. மணி கட்டிய கோலோடு ஓடிவரும் அஞ்சலோட்டக்காரர் பையை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு நிற்பார். பள்ளி விளையாட்டுப் போட்டியில் 4 x 100 மீட்டரை அஞ்சல் ஓட்டம் என்கிறோமே, அதுவும் இதுதான். மலாய்க்காரர்களும் அதே கண்ணோடு பார்த்திருக்கிறார்கள்: கந்தி என்றால் மாற்று; அதிலிருந்து பிறந்த கெகந்திதான் அவர்களுடைய ரிலே.

இனி வண்டிக்கு வருவோம். ஒரே ஹெட்லைட் பல்பில் ஹை, லோ என்று இரண்டு இழை உள்ளது எச்4: ஹைக்கு 60 வாட், லோவுக்கு 55. லோ பீமில் இரண்டு பல்பும் சேர்ந்து 110 வாட், ஏறக்குறைய 9 ஆம்பியர். பல பழைய பிக்கப்பில் இது முழுவதும் ஸ்டீரிங் பக்கத்துச் சுவிட்ச் வழியாக, இருபது முப்பது வயதான மெல்லிய வயரில் ஓடி வருகிறது. எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.8 வோல்ட் இருந்தும் பல்பில் 12.3 வோல்ட்தான் சேர்கிறது என்று வையுங்கள்; அந்த ஒன்றரை வோல்ட்டில் வெளிச்சம் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். இழை பல்பின் குணம் அது. செம்பனைக்கு நடுவே மழை இரவில் செம்மண் பாதையில் வருகிறவருக்கு அந்த ஒரு பங்குதான் பள்ளத்தைக் காட்டும். ரிலே போட்டால் பழைய வயர் அதன் காந்தத்தை இழுக்கும் சிறு மின்சாரத்தை மட்டும் சுமக்கும்; பல்புக்கு வேண்டியது பேட்டரியிலிருந்து புது வயரில் நேரே வரும்.

வயர் வாங்குவதற்கு முன் அளந்து பாருங்கள். லைட்டைப் போட்டு, பல்பு சாக்கெட்டிலேயே மாட்டியிருக்க, மீட்டரின் ஒரு முனையை பேட்டரி பாசிட்டிவிலும் மறுமுனையை சாக்கெட்டின் பாசிட்டிவ் காலிலும் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வயரில் இழப்பு இருக்கிறது. நெகட்டிவ் பக்கத்தையும் அதேபோல் பாருங்கள். துருவேறிய எர்த்தை (பாடியோடு சேரும் நெகட்டிவ் இணைப்பை) விட்டுவிட்டு ரிலே போட்டுப் பயனில்லை.

லோவுக்கு ஒன்று, ஹைக்கு ஒன்று என்று 30 ஆம்பியர் ரிலே இரண்டு வேண்டும். பேட்டரியிலிருந்து 4 சதுர மில்லிமீட்டர் வயர். பேட்டரியை ஒட்டி ஒரு சாண் தூரத்துக்குள் ஒவ்வொரு ரிலேக்கும் தனி 20 ஆம்பியர் பியூஸ். அங்கிருந்து ரிலேயின் 30-ஆம் காலுக்கு. நான்கு காலுக்கும் எண் உண்டு: 30-இல் மின்சாரம் உள்ளே வரும், 87-இல் வெளியே போகும், 85-உம் 86-உம் காந்தச் சுருளின் இரு முனைகள். 87-இலிருந்து பல்புக்கும், பல்பிலிருந்து எர்த்துக்கும் 2.5 சதுர மில்லிமீட்டர் வயர். சாக்கெட் பீங்கானாக இருக்கட்டும். பழைய பிளாஸ்டிக் சாக்கெட்டைக் கழற்றிப் பாருங்கள்: கால்களைச் சுற்றிப் பழுப்பேறி, ஓரம் உருகி வளைந்திருக்கும். அதில் 100 வாட் பல்பு மாட்டுவது தவறு.

பலர் சறுக்குவது 85, 86 கால்களில். பழைய ஹைலக்ஸ் உட்பட ஜப்பானிய வண்டிகள் பலவற்றில் ஹெட்லைட் சுவிட்ச் வெட்டுவது நெகட்டிவ் பக்கத்தை. அங்கே 85-ஐ பாடியில் எர்த் செய்தால் ரிலே ஒழுங்காக வேலை செய்யாது. பழைய சாக்கெட்டின் பொதுக் காலுக்கும் (இரண்டு இழைக்கும் சேர்ந்த கால்) லோ காலுக்கும் இடையே 85, 86-ஐ மாட்டுங்கள். ஹை ரிலேயைப் பொதுக் காலுக்கும் ஹை காலுக்கும் இடையே. எந்த வகை வண்டியானாலும் இது பொருந்தும். உள்ளே டயோடு (மின்சாரத்தை ஒரே திசையில் விடும் உறுப்பு) உள்ள ரிலே என்றால் மட்டும் 86 பாசிட்டிவில்தான் இருக்க வேண்டும். ரிலேயைக் கால்கள் கீழே பார்க்கப் பூட்டுங்கள். உரமூட்டை ஏற்றும் வண்டியில் ஈரமும் உரத்தூளும் சேர்ந்து செம்பைப் பச்சையாக அரித்துவிடும்.

இப்போது தமிழ்ப் பெயர். ‘உணர்த்தி’ என்று எழுதினால் சென்சாருக்குச் சொல்லும் உணரியோடு குழம்பும். வெறும் ‘ஆளி’ சுவிட்சுக்கே உரியது. ‘மின்னஞ்சல்’ என்பதை ஈமெயில் எடுத்துக்கொண்டது. ஆகவே ‘அஞ்சல் ஆளி’ என்பதே சரி என்பது எங்கள் கருத்து. கடையில் ரிலே என்றே கேளுங்கள். வரைபடத்திலும் பாடக் குறிப்பிலும் அஞ்சல் ஆளி என்று எழுதுங்கள். 85, 86 சுருள் முனைகள், 30 வரவு, 87 செலவு.

பழுது பார்க்கும்போது இந்தப் பெயர் கைகொடுக்கும். இங்கே ஓட்டக்காரர் இருவர். சுவிட்சைப் போட்டதும் பெட்டிமேல் விரலை வையுங்கள். ‘டிக்’ என்று தட்டாவிட்டால் முதல் ஓட்டக்காரர் வந்து சேரவில்லை: சுருள் பக்கம், பழைய சாக்கெட், ஸ்டீரிங் சுவிட்ச் என்று தேடுங்கள். தட்டியும் விளக்கு எரியாவிட்டால் அவர் பையைக் கொடுத்துவிட்டார், அடுத்தவர்தான் கிளம்பவில்லை: பியூஸ், 30, 87, எர்த்.