புகார் வந்த புத்தகம் அலமாரியிலேயே இருக்கட்டும்

ஒரு புத்தகத்தைப் பற்றிப் புகார் வந்ததும் அதை எடுத்து மேசைக்குள் பூட்டிவைக்கும் நூலகம், விசாரிக்கும் முன்பே தீர்ப்பு எழுதிவிடுகிறது. பரிசீலனை முடியும்வரை புத்தகம் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும், இரவலும் போக வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

எழுத்தாளரின் கருத்தைப் பார்த்து நூலை ஒதுக்கக் கூடாது என்று சொல்லும் நூலக உரிமைச் சாசனத்தை அமெரிக்க நூலகச் சங்கம் 1939இல் ஏற்றது. அறிவுச் சுதந்திரத்துக்கென்றே, அதாவது விரும்பியதைத் தடையின்றிப் படிக்கும் உரிமைக்கென்றே, ஒரு தனி அலுவலகம் தொடங்கியது 1967இல்தான். அதை 2009இல் இறக்கும்வரை வழிநடத்திய ஜூடித் க்ரக், தடைசெய்யப்பட்ட நூல்களுக்கான வாரத்தை 1982இல் தொடங்கியவர்களில் ஒருவர். சாசனம் இருந்தால் மட்டும் போதாது, நெருக்கடியில் நிற்கும் நூலகருக்குத் துணை வேண்டும் என்பதை அந்த அலுவலகம் செயலில் காட்டியது.

அந்தத் துணையில் பாதியை நாமே முன்கூட்டித் தயார்செய்துகொள்ளலாம். நூல் தேர்வுக் கொள்கையை எழுதி, நிர்வாகக் குழுவின் ஒப்புதல் வாங்கி வையுங்கள். புகார் வந்த பிறகு எழுதும் கொள்கை எடுபடாது. வாய்மொழிப் புகாரைப் பொறுமையாகக் கேளுங்கள். பலருக்கு அதுவே போதும். தொடர விரும்புபவரிடம் படிவம் கொடுங்கள். முழு நூலையும் படித்தீர்களா, எந்தப் பகுதி உறுத்துகிறது, நூலகம் என்ன செய்ய வேண்டும் என்ற மூன்று கேள்விகளும் அதில் கட்டாயம். பரிசீலிக்கும் குழுவினர் ஒவ்வொருவரும் நூலை முழுதாகப் படிக்க வேண்டும். அடிக்கோடிட்டுக் கொண்டுவரும் இரண்டு பத்திகளை மட்டும் படித்தால் எந்த நாவலும் தப்பாது. முடிவைக் காரணத்தோடு எழுத்தில் கொடுங்கள், மேல்முறையீட்டு வழியையும் சொல்லுங்கள். அந்தப் புத்தகத்தை யார் எடுத்துப் போனார்கள் என்று கேட்டால் பெயரைச் சொல்லாதீர்கள்.

இவ்வளவும் வெளியே தெரியும் தணிக்கைக்குத்தான். எனக்கு அதைவிட அச்சம் தருவது, புகாரே இல்லாமல் நடப்பது. கலிபோர்னியா நூலகர்களிடையே மார்ஜரி ஃபிஸ்கே நடத்தி 1959இல் வெளியிட்ட ஆய்வு, சர்ச்சை வருமோ என்ற பயத்திலேயே பலர் சில நூல்களை வாங்காமல் விட்டதைக் காட்டியது. வாங்காத புத்தகத்துக்குப் படிவமும் இல்லை, மேல்முறையீடும் இல்லை. அது இல்லாததே வாசகருக்குத் தெரியாது.

ஆகவே ஒதுக்கிய நூல்களுக்கும் ஒரு பதிவேடு வையுங்கள். விலை, இடம், குறைந்த தேவை, மோசமான மதிப்புரை என்று காரணத்தை அதில் எழுதுங்கள். எழுதக் கூச்சமாக இருக்கும் காரணத்துக்காக ஒரு நூலை ஒதுக்கியிருந்தால், அடுத்த கொள்முதல் பட்டியலில் அதைச் சேருங்கள்.