பூசணிக்காய் ஏன் தாழவில்லை?

இலங்கையின் வன்னியில் உள்ள மல்லாவியில் இருந்து ஒரு தாய் கேட்டிருந்தார்: "மகனுக்கு நாலரை வயது. கொப்பியை எடுத்தால் ஓடிவிடுகிறான். ஆனால் கிணற்றடித் தொட்டியில் கையில் அகப்பட்டதை எல்லாம் போட்டுப் போட்டுப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். அம்மம்மாவுக்குப் பெரிய கவலை. இவனை எப்படிப் படிக்க வைப்பது?"

அம்மம்மாவிடம் சொல்லுங்கள், பேரன் படித்துக்கொண்டுதான் நிற்கிறான்.

அந்த வயதுப் பிள்ளைகளிடம் பூசணிக்காய் தண்ணீரில் மிதக்குமா, தாழுமா என்று கேட்டுப் பாருங்கள். பாரமானதால் தாழும் என்று பலரும் சொல்வார்கள். புளியங்கொட்டை சின்னது, அது மிதக்கும் என்பார்கள். போட்டால் இரண்டும் மாறி நடக்கும். பூசணிக்குள் காற்றுள்ள வெறும் இடம் இருக்கிறது, அதனால் அதன் பருமனுக்கு அது தண்ணீரை விட இலேசு, புளியங்கொட்டையோ இறுக்கமானது. இதெல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். எனக்குப் பிடித்தது, பூசணி மேலே வந்து ஆடும்போது பிள்ளையின் கண் விரிகிறதே, அந்த ஒரு நொடி.

அந்த நொடியில் மூளைக்குள் நடப்பதை விளங்கிக்கொள்ள, வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியலாளர் குரங்குகளில் செய்த பரிசோதனைகள் உதவுகின்றன. குரங்கின் நாக்கில் எதிர்பாராமல் ஒரு சொட்டுப் பழச்சாறு விழுந்தால், மூளையில் செய்தி கடத்தும் டோபமைன் என்ற இரசாயனத்தைச் சுரக்கும் நரம்புக் கலங்கள் சடசடவென்று துடிக்கின்றன. சாறு வருமுன் ஒவ்வொரு முறையும் ஒரு விளக்கு எரிந்தால், குரங்கு அதைப் பழகிவிடுகிறது. அப்புறம் அந்தக் கலங்கள் விளக்குக்குத்தான் துடிக்கின்றன. சாறு விழும்போது சும்மா இருக்கின்றன. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால், வரவேண்டிய அதே கணத்தில் துடிப்பு வழக்கத்தை விடக் குறைகிறது. 1997இல் ஷுல்ட்ஸும் வேறு இரு ஆய்வாளர்களும் சேர்ந்து இதற்குக் கணித விளக்கம் கொடுத்தார்கள்: அந்தக் கலங்கள் சொல்வது, நினைத்ததற்கும் நடந்ததற்கும் உள்ள வித்தியாசத்தை. அந்த வித்தியாசம் வரும்போதுதான் மூளை தன் பழைய கணக்கைத் திருத்துகிறது.

குழந்தைகளிடமும் வியப்பு கற்றலைத் தூண்டுகிறது. 2015இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் 11 மாதக் குழந்தைகளுக்கு ஒரு வித்தை காட்டினார்கள். சிலருக்குப் பந்து சுவரை ஊடுருவிப் போவது போலவும், வேறு சிலருக்குப் பொருள் ஒன்று அந்தரத்தில் நிற்பது போலவும். பிறகு அதையே கையில் கொடுத்தார்கள். சுவரை ஊடுருவியதைக் கண்ட பிள்ளைகள் அதைத் தட்டித் தட்டிப் பார்த்தார்கள். அந்தரத்தில் நின்றதைக் கண்டவர்கள் கீழே போட்டுப் போட்டுப் பார்த்தார்கள். பேச்சு வராத பிள்ளை, தன் சந்தேகத்துக்குப் பொருத்தமான பரிசோதனையைத் தானே தேர்ந்தெடுக்கிறது! இதை எத்தனை தரம் நினைத்தாலும் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

சரி, பெற்றோருக்கு இதில் என்ன இருக்கிறது? வியப்பு வர, முதலில் பிள்ளையிடம் சொந்தமாக ஒரு எதிர்பார்ப்பு இருக்கவேண்டும். "பூசணி மிதக்கும், பார்" என்று நாங்கள் முந்திக்கொண்டால் அந்த எதிர்பார்ப்பு பிறப்பதற்கே இடமில்லை. 2011இல் வெளிவந்த இன்னொரு ஆய்வில், பல வித்தைகள் ஒளிந்திருந்த ஒரு விளையாட்டுப் பொருளைச் சிறுவர்களிடம் கொடுத்தார்கள். சிலருக்கு, கீச்சிடும் குழாயை இழுத்து "இது இப்படித்தான் வேலை செய்யும்" என்று கற்றுக்கொடுத்தார்கள். வேறு சிலருக்கு, தற்செயலாகக் கைபட்டுக் கீச்சிட்டது போலக் காட்டினார்கள். கற்றுக்கொடுக்கப்பட்டவர்கள் விரைவில் விளையாட்டை விட்டார்கள், ஒளிந்திருந்த மற்றவற்றில் குறைவாகவே கண்டுபிடித்தார்கள். சொல்லித்தந்தது தவிர வேறொன்றும் இருக்காது என்று எண்ணினார்கள் போலும்.

போர் நடந்த வன்னியில் "தொடாதே" என்ற சொல்லுக்கு ஒரு பாரமான வரலாறு உண்டு. காணிக்குள் கிடந்த இரும்புத் துண்டு எதுவானாலும் பிள்ளையைத் தடுக்க வேண்டியிருந்தது. வெடிபொருள் எச்சங்கள் இருக்கக்கூடிய இடங்களில் இன்றும் அப்படித்தான் தடுக்கவேண்டும். கட்டில்லாத கிணற்றடியிலும் அப்படியே. ஆனால் அந்த அச்சம் பழகிப்போய், சமையலறைக்குள்ளும் அதே சொல் வந்துவிடுகிறது. துப்புரவாக்கிய முற்றத்தில், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது, பிள்ளை தொடட்டும்.

கொப்பியைப் பற்றியும் ஒரு வார்த்தை. மணிக்கட்டில் உள்ள 8 சிறு எலும்புகளில் சில, நாலு வயதில் இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கின்றன; எழுதும் கை இன்னும் வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது. சீக்கிரம் எழுதுகிற பிள்ளைதான் கெட்டிக்காரப் பிள்ளை என்பது மூடநம்பிக்கை. இடது கையில் பென்சில் பிடித்தால் அடித்து மாற்றுவதும் அப்படித்தான்.

மேலே சொன்ன குழந்தை ஆய்வுகள் அமெரிக்காவில் நடந்தவை. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குப் பொறியியலுக்கும் விவசாயத்துக்கும் பீடங்கள் இருக்கின்றன. எங்கள் பிள்ளைகள் எப்படிக் கற்கிறார்கள் என்று பார்க்கவும் அங்கே ஒரு சின்ன அறை வேண்டும், அதற்குக் காசு ஒதுக்கவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. குறைந்த கொடுப்பனவில் வேலை செய்யும் முன்பள்ளி ஆசிரியைகளே அந்த ஆய்வுக்குப் பொருத்தமானவர்கள்.

மல்லாவித் தாய்க்கு: நாளைக்கு ஒரு சில்வர் கிண்ணத்தைக் கொடுங்கள். வெறுமையாக மிதக்கும். "தண்ணி விட்டால் என்ன நடக்கும்?" என்று மட்டும் கேளுங்கள். அவன் ஏதாவது சொல்வான். அதைத் திருத்தாமல், தொட்டிக்கரையில் பக்கத்தில் குந்தியிருங்கள்.