கோப்பின் தலையெழுத்து

பொறியியல் கல்லூரி மாணவர் ஒருவரின் கடிதம் ஒரு வாரமாக என் மேசையில் இருக்கிறது. ராஸ்பெரி பை என்ற சிறு கணினியில், சி மொழியில் எழுதிய சிறிய கட்டளைவரி நிரலைத் தன் ஆண்ட்ராய்டு கைபேசிக்கு நகலெடுத்து, லினக்ஸ் கட்டளைகளைக் கைபேசியில் தட்டச்சு செய்ய உதவும் டெர்மக்ஸ் செயலியில் இயக்கிப் பார்த்திருக்கிறார். “இரண்டிலும் 64 பிட் ஆர்ம் சில்லு. இரண்டிலும் லினக்ஸ். கோப்பு இருப்பதைப் பட்டியலிட்டும் பார்த்துவிட்டேன். இயக்கச் சொன்னால் மட்டும் ‘அப்படி ஒரு கோப்பே இல்லை’ என்று வருகிறது. கண்ணெதிரே இருப்பதை இல்லை என்றால் எப்படி ஐயா?”

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. ஒரு சூழலில் பிறந்த மென்பொருளை இன்னொரு சூழலில் குடியேற்றும் வேலைக்குப் பொதி கட்டுதல் என்று பெயர். பேக்கேஜிங் என்றால் எல்லோருக்கும் புரியும். அந்தக் கலையின் வாசலில்தான் இந்த மாணவர் நிற்கிறார்.

அவர் சொன்னதில் தவறில்லை. சில்லுக்குப் புரியும் கட்டளைகள் இரண்டிலும் ஒன்றே. ஆண்ட்ராய்டின் அடியில் இருப்பதும் லினக்ஸின் மையப்பகுதியான கெர்னல்தான். வேறுபாடு அதற்கு மேலே இருக்கிறது.

ஒரு நிரலை இயக்கச் சொன்னதும் கெர்னல் அந்தக் கோப்பின் தலைப்பகுதியைப் படிக்கிறது. முதல் பைட்டின் மதிப்பு பதினாறடிமான எண்ணில் 7எஃப். அடுத்த மூன்றும் ஈ, எல், எஃப் என்ற எழுத்துகள். இது எல்ஃப் வகைக் கோப்பு என்பதற்கான முத்திரை. சற்றுத் தள்ளி, எந்தச் சில்லுக்கானது என்ற எண் வரும். 64 பிட் ஆர்ம் என்றால் 183, 64 பிட் இன்டெல் வகை என்றால் 62. இதில் பொருந்தாவிட்டால் ‘கோப்பின் வடிவம் தவறு’ என்ற வேறொரு பிழை வந்திருக்கும். மாணவரின் நிரல் இந்தச் சோதனையைத் தாண்டிவிட்டது.

அடுத்துத்தான் விஷயமே. பெரும்பாலான நிரல்கள் தனியாக இயங்குவதில்லை. திரையில் ஒரு வரி அச்சிடுவதற்குக்கூட, பொதுவான வேலைகளைச் செய்து தரும் சி நூலகத்தின் உதவி வேண்டும். நிரல் தொடங்கும் நேரத்தில் அந்த நூலகத்தைத் தேடி எடுத்து நினைவகத்தில் கோத்துவிடுவதற்கென்றே ஒரு நிரல் இருக்கிறது, இணைப்பி என்போம். அந்த இணைப்பி எங்கே இருக்கிறது என்பதை ஒவ்வொரு நிரலும் தன் கோப்புக்குள்ளேயே முழு முகவரியாக எழுதி வைத்திருக்கிறது. ராஸ்பெரி பையில் உருவான நிரலில் அது, லிப் கோப்புறையில் உள்ள ஓர் இணைப்பியின் முகவரி; ஆங்கிலத்தில் 26 எழுத்துகள். கெர்னல் அந்த முகவரிக்குப் போகிறது. ஆண்ட்ராய்டில் அங்கே எதுவும் இல்லை. உடனே பிழை எண் 2, அதாவது ‘கோப்பு இல்லை’ என்று திருப்பி அனுப்புகிறது. எந்தக் கோப்பு இல்லை என்பதைச் சொல்ல அந்த எண்ணில் இடமில்லை. கெர்னல் இல்லை என்றது இணைப்பியை. கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல் அதை மாணவரின் கோப்புப் பெயரோடு சேர்த்துச் சொல்லிவிட்டது. பாஷ் என்ற ஷெல்லின் அண்மைய பதிப்புகள் ‘தேவையான கோப்பு கிடைக்கவில்லை’ என்று திருத்திச் சொல்கின்றன. எத்தனையோ பேரின் இரவுத் தூக்கத்தைக் காப்பாற்றும் திருத்தம் அது.

ஆண்ட்ராய்டின் இணைப்பி சிஸ்டம் கோப்புறைக்குள், பின் என்ற உட்கோப்புறையில் இருக்கிறது. அதன் முகவரி 20 எழுத்துகள்தான். 26 எழுத்து இருந்த இடத்தில் 20 எழுத்து தாராளமாக அடங்குமே என்று, நானே ஒருமுறை பைட்டுகளைத் திருத்தும் கருவியில் கோப்பைத் திறந்து பழைய முகவரியை அழித்துப் புதியதை எழுதினேன். மிஞ்சிய இடத்தைப் பூச்சியங்களால் நிரப்பினேன். மனிதருக்குத் தலையெழுத்து என்று ஒன்று உண்டென்று நான் நம்புவதில்லை. கோப்புக்கு உண்டு, அதைத் திருத்தவும் முடிகிறது! இம்முறை ‘கோப்பு இல்லை’ என்ற பிழை மறைந்தது. ஆண்ட்ராய்டின் இணைப்பி விழித்துக்கொண்டு, நிரல் கேட்ட சி நூலகத்தைத் தேடியது. நிரல் கேட்டது கட்டற்ற மென்பொருள்களை உருவாக்கும் குனூ திட்டத்தின் நூலகத்தை. ஆண்ட்ராய்டில் இருப்பது கூகுள் அதற்கென உருவாக்கிய பயோனிக் நூலகம். பெயரும் வேறு, உள்ளமைப்பும் வேறு. ‘நூலகம் கிடைக்கவில்லை’ என்று நிரல் அங்கேயே நின்றது.

ஆகவே ஒட்டுப்போட்டுப் பயனில்லை. மனிதர் எழுதிய மூலநிரலை எடுத்து, அதைச் சில்லின் கட்டளைகளாக மாற்றும் ஆண்ட்ராய்டுக்கான கம்பைலரில் முதலிலிருந்து உருவாக்க வேண்டும். மூலநிரல் திறந்திருப்பதால்தான் இது முடிகிறது. டெர்மக்ஸ் பொதிகளைக் கட்டுபவர்கள் மேசைக்கணினியில் அமர்ந்து கைபேசிக்கான நிரலை உருவாக்குகிறார்கள். இதில் ஒரு சிக்கல். பல மென்பொருள்கள், தாம் உருவாகும்போதே சிறு சோதனை நிரல்களை ஓடவிட்டு, இந்தக் கணினியில் இன்னின்ன வசதி உண்டா என்று பார்த்துக்கொள்ளும். கைபேசிக்கான சோதனை நிரல் மேசைக்கணினியில் ஓடாது. எனவே அதற்கான விடைகளைப் பொதி கட்டுபவர் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். பயோனிக்கில் இல்லாத வசதிகளுக்கு மாற்று வழியும் அவரே செய்ய வேண்டும். ஒரு நிரலுக்குள் இணையாக ஓடும் வேலையை, அதாவது ஓர் இழையை, இடையில் ரத்து செய்யும் பிதிரெட்_கேன்சல் செயற்கூறு அதில் இன்றும் இல்லை. அதை நம்பி எழுதப்பட்ட ஒவ்வொரு நிரலுக்கும் தனித்தனியாக வைத்தியம் பார்க்க வேண்டியிருக்கிறது.

முகவரிச் சிக்கல் இதோடு தீரவில்லை. ஆண்ட்ராய்டில் ஒவ்வொரு செயலியும் லினக்ஸ் கணக்கில் ஒரு தனிப் பயனர். தனக்கென்று ஒதுக்கிய கோப்புறைதான் அதன் வீடு. யுனிக்ஸ் உலகில் ‘/யூஎஸ்ஆர்’ என்று நான்கே குறிகளில் முடிகிற இடம், டெர்மக்ஸில் ‘/டேட்டா/டேட்டா/காம்.டெர்மக்ஸ்/ஃபைல்ஸ்/யூஎஸ்ஆர்’ ஆகிவிடுகிறது; ஆங்கிலத்தில் 31 குறிகள். 26 இருந்த இடத்தில் 20ஐ எழுதலாம். 4 இருந்த இடத்தில் 31ஐ எழுதினால் பின்னால் உள்ளவை எல்லாம் இடம் பெயர்ந்து கோப்பே குலைந்துவிடும். கோண்டா என்ற பொதி மேலாளர் இதற்கு அழகான வழி வைத்திருக்கிறது. நிரலை உருவாக்கும்போதே 255 எழுத்து நீளமுள்ள போலி முகவரியை உள்ளே வைத்துவிடுகிறது. நிறுவும்போது உண்மையான முகவரியை அதன்மேல் எழுதி மிச்சத்தைப் பூச்சியத்தால் நிரப்புகிறது. டெர்மக்ஸ் அப்படிச் செய்யவில்லை. 31 குறிகளையும் உருவாக்கும்போதே பதித்துவிடுகிறது.

வேறொரு நிரல் வரிவரியாகப் படித்து இயக்கும் உரைக்கோப்புகளான ஸ்கிரிப்ட்களுக்கும் இதே தலையெழுத்து உண்டு. கோப்பு #! என்ற இரு குறிகளோடு தொடங்கினால், அந்த வரியின் மீதியைத் தன்னை இயக்க வேண்டிய நிரலின் முகவரியாக எடுத்துக்கொள்ளும் வழக்கத்தை 1980இல் யுனிக்ஸில் கொண்டுவந்தவர் டென்னிஸ் ரிட்சி. அதன்பின் உலகமெங்கும் எழுதப்பட்ட ஸ்கிரிப்ட்கள் பெரும்பாலும் ‘/பின்’ அல்லது ‘/யூஎஸ்ஆர்/பின்’ என்ற முகவரியையே முதல் வரியில் வைத்திருக்கின்றன. பொதிக்குள் வரும் ஸ்கிரிப்ட்களின் முதல் வரியைத் திருத்திவிடலாம். பயனர் தாமே இறக்கிக்கொள்ளும் ஸ்கிரிப்ட்களை என்ன செய்வது?

டெர்மக்ஸ் குழுவினர் கண்ட விடையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சி பொங்கும். இன்னொரு நிரலைத் தொடங்க விரும்பும் எந்த நிரலும் எக்ஸெக்விஇ என்ற செயற்கூற்றை அழைக்கும். அதே பெயரில் தாங்களே ஒரு செயற்கூறு எழுதி, சிறு நூலகமாக்கி, மற்ற நூலகங்களுக்கு முன்னால் இதை ஏற்று என்று நிரல்களுக்குக் குறிப்புகளைக் கொண்டு சேர்க்கும் சூழல் மாறி ஒன்றின் வழியாக இணைப்பியிடம் சொல்லிவிட்டார்கள். ஷெல் எக்ஸெக்விஇயை அழைக்கிறது; குரல் கொடுப்பது இவர்களுடையது. அது கோப்பைத் திறந்து முதல் வரியைப் படிக்கிறது. ‘/யூஎஸ்ஆர்/பின்’ என்றிருந்தால் மனத்துக்குள்ளேயே அதை நீண்ட முகவரியாக மாற்றிக்கொண்டு, பிறகு உண்மையான செயற்கூற்றிடம் ஒப்படைக்கிறது. கோப்பில் ஒரு பைட்டும் மாறுவதில்லை. சூழல் மாறி தாயிடமிருந்து பிள்ளைக்கு இறங்குவதால், அந்த ஷெல்லிலிருந்து பிறக்கும் நிரல்களும் அவற்றின் பிள்ளைகளும் இதே உதவியைப் பெறுகின்றன.

இவ்வளவு நுட்பமான வேலையில் பெரும்பகுதி, ஊதியமின்றி, அலுவலகம் முடிந்து வந்த நேரத்தில் நடக்கிறது. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற சுருக்கும் கருவிக்குள் யாரோ திட்டமிட்டு ஒரு கள்ளவாசல் வைத்தது வெளிப்பட்டது. தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாக ஆவதைக் கவனித்து, விடாமல் துருவி அதைக் கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்ற பொறியாளர். அந்தக் கருவியைப் பல ஆண்டுகள் ஏறத்தாழ ஒற்றை ஆளாகப் பராமரித்தவர் களைத்துப்போயிருந்ததுதான் உள்ளே நுழைய வழியானது. இத்தகைய பராமரிப்புக்கு அரசும் பல்கலைக்கழகங்களும் நிதி ஒதுக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். இறுதியாண்டு மாணவர்கள் யாரோ செய்த பழைய திட்டப்பணியையே மறுபடி செய்வதற்குப் பதில், ஒரே ஒரு மென்பொருளைப் புதிய சூழலுக்குப் பொதி கட்டிக் கொடுத்தால் மதிப்பெண் தரலாம். கெர்னல், கம்பைலர், நூலகம் மூன்றையும் ஒரே பருவத்தில் தொட்டுவிடுவார்கள்.

கடிதம் எழுதிய தம்பிக்கு: டெர்மக்ஸில் கிளாங் கம்பைலரை நிறுவி, உங்கள் மூலநிரலைக் கைபேசியிலேயே மறுபடி உருவாக்குங்கள். பிறகு பின்யூட்டில்ஸ் பொதியில் உள்ள ரீட்எல்ஃப் கருவியில் பழைய கோப்பு, புதிய கோப்பு இரண்டையும் காட்டுங்கள். இணைப்பியின் முகவரியில் பழைய கோப்பில் 26 எழுத்துகளும் புதிய கோப்பில் 20 எழுத்துகளும் இருக்கும்.